படத்தைப் பார்த்து வாங்கும் நாணயம்



தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கடைக்காரர் கல்லாப் பெட்டியில் போடும் காசும் நாணயம். எடையில் குறைக்காமல் அவர் நிறுத்துக் கொடுக்கும் நேர்மையும் நாணயம். "அவர் நாணயமான மனிதர்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், அவருக்கு வேறு நற்சான்றிதழ் தேவையில்லை. பழங்காசுகளைச் சேகரிப்போரும் அவற்றை விற்போரும் நடத்தும் வணிகத்தில் இவ்விரு நாணயங்களும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அதிலும் காசைக் கையில் வாங்கிப் பார்க்காமல், அதன் நிழற்படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது, முதல் நாணயத்தின் மதிப்பு முழுவதும் இரண்டாவது நாணயத்தையே நம்பி நிற்கிறது. இந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, எங்கெங்கே உடைந்தது என்பதைத்தான் இன்றைய உரையில் காணப்போகிறோம்.

நம்மை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது ஒரு வெள்ளி டாலர். சில ஆண்டுகளுக்கு முன், பணிபுரியும் தோட்டப் பள்ளியின் வரலாற்றுக் கழகத்துக்காக, உடன் பணியாற்றும் ஆசிரியர் இருவருடன் சேர்ந்து பணம் போட்டு, 1903ஆம் ஆண்டின் டாலர் ஒன்றை ஒரு விற்பனையாளரிடமிருந்து அஞ்சல் வழியாக வாங்கினோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று முதன்முதலாக வெளியிடப்பட்ட டாலர் அது. ஒரு பக்கம் முடி சூடிய ஏழாம் எட்வர்ட் மன்னர். மறு பக்கம் 'ஒரு டாலர்' என்பது சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். படத்தில் அது நிலவு போல் மின்னியது. வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் கைக்குக் கை மாற்றி மகிழ்ந்தார்கள்.

மறுநாள் அறிவியல் பாடத்தில் ஒரு மாணவன் அதைத் தராசில் வைத்தான். 22 கிராம் காட்டியது. உண்மையான 1903 டாலர், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியால் ஆனது. அதன் எடை 26.95 கிராம். பல்லாண்டு கைமாறித் தேய்ந்தாலும் ஐந்து கிராம் தேயாது. நம் கையில் இருந்தது வெள்ளியே அன்று.

விற்றவருக்கு எழுதினோம். "படத்தில் நீங்கள் பார்த்த காசுதானே உங்களுக்கு வந்து சேர்ந்தது?" என்று பதில் வந்தது. அதன் பின் பதிலே இல்லை, பணமும் திரும்பவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். படத்தில் இருந்த அதே காசுதான் வந்தது. படம் அதன் எடையைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அன்று தராசில் வைத்த அந்த மாணவன் கேட்டான்: "சார், அப்படின்னா படம் பொய்யா, காசு பொய்யா?" உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடித்தான் பழைய வரலாற்றைப் புரட்டத் தொடங்கினோம்.

காசைச் சோதிக்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. நாணயத்தின் தரத்தை ஆராய்ந்து சொல்பவருக்குப் பண்டைத் தமிழில் 'வண்ணக்கன்' என்று பெயர். சங்கப் புலவர்களுள் வடமவண்ணக்கன் தாமோதரனார் என்று ஒருவர் இருந்தார் என்பதை இலக்கியம் படித்தோர் அறிவர். தொழிலின் பெயர் புலவரின் பெயரோடு சேர்ந்து நிற்கும் அளவுக்கு அது மதிப்புள்ள தொழிலாக இருந்திருக்கிறது. பிற்காலத்தில் 'சராப்பு' என்ற சொல் வந்தது. கீழை நாட்டுத் துறைமுகங்களில் வங்கிகளும் பெரிய வணிக நிலையங்களும் சராப்புகளை வேலைக்கு வைத்திருந்தன. அவர்கள் டாலரை விரல் நுனியில் நிறுத்திச் சுண்டுவார்கள். நல்ல வெள்ளி மணி போல் நீண்டு ஒலிக்கும். கலப்பு உலோகம் சட்டென்று அடங்கிவிடும். சீன வணிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தாம் சோதித்து ஏற்றுக்கொண்ட டாலரின் மேல் தம் கடையின் சிறு முத்திரையைக் குத்தினார்கள். 'இதை நான் பார்த்துவிட்டேன். இதற்கு நான் பொறுப்பு' என்பதே அந்த முத்திரையின் பொருள். பல கை மாறிய மெக்சிகோ டாலர் ஒன்றில் பத்துப் பதினைந்து முத்திரைகளைக்கூடக் காணலாம். பார்ப்பதற்கு அழகில்லை. ஆனால் அத்தனை பேர் சான்று சொன்ன காசு அது.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். காசு கையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பழங்காசு சேகரிப்பைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவராகிய இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கும் அப்படித்தான் வாங்கினார். ரோமாபுரியில் திராட்சைத் தோட்டம் கொத்துவோர் மண்ணில் கிடைத்த காசுகளை அவரிடம் கொண்டு வருவார்களாம். சிலர் விற்க வருவார்கள். சிலர் 'இதில் இருக்கும் தலை யாருடையது?' என்று கேட்க வருவார்கள். 1354இல் நான்காம் சார்லஸ் மன்னரைச் சந்தித்தபோது அவர் பழைய ரோமானிய மன்னர்களின் காசுகளைப் பரிசளித்து, 'இவர்களைப் போல் வாழுங்கள்' என்ற கருத்தில் அறிவுரையும் கூறினார். காசை வெறும் பணமாகப் பார்க்காமல் வரலாற்றுச் சான்றாகவும் அறநூலாகவும் பார்த்த காலம் அது.

சேகரிப்போர் பெருகினார்கள். காசு ஓர் ஊரிலும் ஆர்வலர் வேறோர் ஊரிலும் இருந்தனர். இடைவெளியை நிரப்பப் படம் வந்தது. ஆனால் முதலில் வந்தது நிழற்படம் அன்று. ஓவியர் கையால் வரைந்து செப்புத்தகட்டில் செதுக்கிய படம். ஓவியரின் கை சும்மா இருக்குமா? தேய்ந்த மூக்கைச் சீராக்கும். மறைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும். 16ஆம் நூற்றாண்டில் ஊபர்ட் கோல்ட்சியஸ் என்பவர் ஐரோப்பா முழுதும் பயணம் செய்து பல தொகுப்புகளைப் பார்வையிட்டு, அழகிய படங்களோடு நூல்கள் வெளியிட்டார். ஆனால் அவர் படம் போட்ட காசுகளில் சில, உலகில் இல்லாதவை என்று பின்வந்த அறிஞர்கள் கண்டார்கள். படத்தை நம்பி வரலாறு எழுதியவர்களின் வரலாறும் அதனால் பழுதுபட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். போலிக் காசினால் நட்டப்படுவது வாங்கியவர் மட்டுமல்லர். ஒரு மன்னன் எந்த ஆண்டில் ஆண்டான், எந்த ஊரில் காசு அடித்தான், எவ்வளவு வெள்ளி கலந்தான் என்பதற்கெல்லாம் காசு சாட்சி. பொய்ச் சாட்சி ஒன்று நூலில் ஏறிவிட்டால், அதை இறக்க ஒரு தலைமுறை ஆகும். வகுப்பறையில் ஒரு போலிக் காசைக் காட்டிப் பாடம் நடத்திய நாமும் ஒரு நாள் பொய்ப் பாடம் நடத்தியவர்கள்தாமே!

அடுத்து வந்தது வார்ப்பு. பிரெஞ்சு நாட்டு அரசு நாணயக் கூடத்தில் பணியாற்றிய மியோனே என்பவர் கிரேக்க, ரோமானியக் காசுகளைக் கந்தகத்தில் வார்த்துப் படிகள் எடுத்து, 1799இல் அவற்றுக்கு ஓர் பட்டியலும் வெளியிட்டார். பின்னர் வெள்ளைச் சாந்தில் வார்க்கும் வழக்கம் பரவியது. மெழுகில் காசை அழுத்தி அச்செடுத்து, அதில் சாந்தை ஊற்றினால் காசின் உருவம் அப்படியே கிடைக்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இம்ஹோஃப் ப்ளூமர் என்ற பேரறிஞர் இத்தகைய சாந்து வார்ப்புகளை ஏராளமாகத் திரட்டி ஒப்பிட்டு ஆராய்ந்தார். வணிகரும் சேகரிப்பாளரும் வார்ப்புகளைப் பெட்டியில் வைத்து அஞ்சலில் அனுப்பிக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்பார்களே, அதன் மூத்த அண்ணன் இந்த வார்ப்பு எனலாம். உருவம் வரும், உலோகம் வராது. வெள்ளிக் காசுக்கும் ஈயக் காசுக்கும் சாந்தில் ஒரே முகம்தான்.

இந்தக் குறையை நன்கு புரிந்துகொண்டவர்கள் போலி செய்தவர்கள். அவர்களுள் முதலிடம் செர்மனியரான கார்ல் வில்லெம் பெக்கருக்கு உரியது. 1772இல் பிறந்து 1830இல் மறைந்தவர். முதலில் மது வணிகம் செய்தார். பிறகு ஓர் இளவரசரிடம் பதவியும் பட்டமும் பெற்றார். தம் கையாலேயே எஃகு அச்சுகளைச் செதுக்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட வகைப் பழங்காசுகளை அடித்தார். புதுக் காசுக்குப் பழமை வர வேண்டுமே! இரும்புத் தூள் நிறைந்த பெட்டியில் காசுகளைப் போட்டு, அந்தப் பெட்டியைத் தம் குதிரை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவாராம். தம் கிழவர்களை உலாவ அழைத்துப் போவதாக அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்பர். 1826இல் இத்தாலிய அறிஞர் செஸ்தினி தக்க சான்றுகளோடு அவரை அம்பலப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். பெக்கரின் அச்சுகள் பின்னாளில் பெர்லின் அரும்பொருளகத்தை அடைந்தன. பெக்கரிடம் ஏமாந்தவர்கள் காசைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கையில் வாங்கிய வல்லுநரையே ஏமாற்ற முடியுமானால், படத்தில் பார்ப்பவரின் நிலை என்ன?

1839இல் நிழற்படக்கலை உலகுக்கு அறிமுகமானது. ஓவியரின் கை விலகிவிட்டது. இனி உள்ளது உள்ளபடி தெரியும் என்று சேகரிப்பாளர்கள் மகிழ்ந்தார்கள். அமெரிக்காவில் 1869இல் எட்வர்ட் கோகன் என்ற வணிகர் மெக்கன்சி என்பவரின் தொகுப்பை ஏலம் விட்டபோது, ஏலப்பட்டியலில் நிழற்படத் தாள்கள் இடம்பெற்றன. அந்நாட்டு நாணய ஏலப்பட்டியல்களில் அதுவே இதில் முன்னோடி. ஐரோப்பாவிலும் வணிகர்களின் பட்டியல்கள் படங்களோடு வெளிவரலாயின. இலண்டனில் நடக்கும் ஏலத்துக்கு, அங்கே போகாமலே படத்தைப் பார்த்து விலை கேட்டு எழுதும் வாய்ப்புப் பிறந்தது.

ஆனால் ஒரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். அக்காலப் பட்டியல்களில் நாம் காணும் படங்களில் மிகப் பல, காசின் படங்களே அல்ல. காசின் சாந்து வார்ப்பைப் பிடித்த படங்கள்! காரணம் எளிது. உலோகம் பளபளக்கும், ஒளி பட்ட இடம் வெளுத்துவிடும், படாத இடம் கறுத்துவிடும். வெள்ளைச் சாந்து ஒரே சீராக ஒளியை ஏற்கும். எழுத்தும் உருவமும் தெளிவாகத் தெரியும். ஆய்வாளருக்கு அது பெரும் உதவி. வாங்குபவருக்கோ நிலைமை வேறு. காசின் நிறம் தெரியாது. மேலே படிந்த களிம்பு தெரியாது. துலக்கினார்களா, சுரண்டினார்களா என்பது தெரியாது. விளிம்பு தெரியவே தெரியாது. வார்ப்புப் போலிகளுக்கு விளிம்பில்தான் தையல் போன்ற கோடு ஓடும். நகலின் நகலை வைத்துக்கொண்டு மக்கள் பெரும் பணம் அனுப்பினார்கள்.

அப்படியானால் எதை நம்பி அனுப்பினார்கள்? விற்பவரின் பெயரை நம்பி அனுப்பினார்கள். படம் இரண்டாம் சாட்சிதான்; முதல் சாட்சி வணிகரின் சொல். 'வந்த காசு மனத்துக்குப் பிடிக்கவில்லையானால் இத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்' என்ற ஒரு வரி, பட்டியலில் இருந்த எல்லாப் படங்களையும்விட விலை மதிப்புள்ளதாக இருந்தது. இன்றும் அப்படியே. 1951இல் செனீவாவில் பன்னாட்டு நாணய வணிகர் சங்கம் தோன்றியபோது, விற்கும் காசு உண்மையானது என்று உறுப்பினர்கள் உறுதி கூற வேண்டும் என்பதை நெறியாக வைத்துக்கொண்டது. சீன வணிகர் டாலரில் குத்திய முத்திரை, இங்கே பட்டியலில் அச்சிட்ட வாக்குறுதியாக மாறியது எனலாம்.

சொல்லை நம்பும் வணிகத்தில் சொல்லே சில வேளை சிக்கலும் ஆகிவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் என்ற ஊரில் மேக்ஸ் மெல் என்பவர் இருந்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அஞ்சல் வழி நாணய வணிகத்தில் கொடிகட்டிப் பறந்தவர். நாம் இப்போது உங்களோடு பேசுவதைப் போல அவரும் வானொலியைப் பயன்படுத்தினார்! 1913ஆம் ஆண்டின் சுதந்திர தேவி தலை பொறித்த ஐந்து சென்ட் காசுக்கு 50 டாலர் தருவதாக நாடெங்கும் விளம்பரம் செய்தார். மக்கள் சட்டைப் பைகளைத் துழாவினார்கள். அந்தக் காசு மொத்தம் ஐந்துதான் இருப்பதாக அறியப்படுகிறது. ஒன்றுகூட அவருக்கு அப்படி வரவில்லை. ஆனால் அவருடைய விலை நூல் அமோகமாக விற்றது. பல்லாயிரம் பேர் நாணயச் சேகரிப்புக்குள் வந்தார்கள். அவர் தம் ஏலப்பட்டியல்களில் காசுகளை வருணிக்கும் அழகைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். 'அருமை', 'மிக அருமை', 'இதற்கு இணையில்லை' என்று சொற்கள் அடுக்கடுக்காக வரும். ஒரு வணிகரின் 'மிக அருமை' இன்னொருவரின் 'சுமார்' ஆக இருந்தால், தொலைவில் இருப்பவர் என்ன செய்வார்?

இதற்குத் தீர்வாகத்தான் எண் வந்தது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், அந்நாட்டின் தொடக்க காலச் செப்புச் சென்ட்டுகளை ஆராய்ந்து 1949இல் ஒரு நூல் வெளியிட்டார். காசின் நிலைக்கு 1 முதல் 70 வரை எண் கொடுத்தார். தேய்ந்து அடையாளம் மட்டும் தெரியும் காசுக்கு 1. அச்சை விட்டு வந்த அழகு குலையாத காசுக்கு 70. ஆசிரியர் விடைத்தாளுக்குப் புள்ளி போடுவது போன்ற இம்முறை காலப்போக்கில் பிற காசுகளுக்கும் பரவியது. 1972இல் அமெரிக்க நாணயச் சங்கம் காசுகளின் உண்மைத்தன்மையைச் சோதித்துச் சான்றளிக்கும் பணியைத் தொடங்கியது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, எண்ணிட்டு, ஒளிபுகும் கெட்டியான நெகிழிக் கூட்டில் அடைத்து முத்திரையிட்டுத் தரத் தொடங்கின. காசைக் காணாமலே வாங்கலாம், விற்கலாம் என்பதே இதன் நோக்கம். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டியதில்லை. மூன்றாமவர் ஒருவரை இருவரும் நம்பினால் போதும். பழைய சராப்பு மீண்டும் வந்துவிட்டார், புதிய உடையில்!

கதை இத்துடன் சுபமாக முடிந்ததா? முடியவில்லை. சில ஆண்டுகளில் கூட்டுக்கே போலி வந்தது. 2008இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமே தன் கூடுகளைப் போல் செய்த போலிக் கூடுகள் விற்பனைக்கு வந்திருப்பதாக எச்சரிக்கை விடுத்தது. இதைவிட மனத்தை உறுத்துவது ஷெல்டனின் கதை. நியூயார்க்கில் 1858இல் தோன்றிய அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு, கிளாப் என்ற செல்வர் தம் அரிய செப்புச் சென்ட் தொகுப்பை நன்கொடையாக வழங்கியிருந்தார். அதை ஆராயச் சென்ற ஷெல்டன், நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்த காசுகளை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டார். 1972இல் தம் தொகுப்பை அவர் விற்றார், 1977இல் காலமானார். அதன் பிறகே உண்மை வெளிப்பட்டது. வழக்கு 1990களில் கலிபோர்னிய நீதிமன்றம் வரை போயிற்று. காசுகளுக்குப் புள்ளி போடக் கற்றுக்கொடுத்தவரின் நாணயத்துக்கு யார் புள்ளி போடுவது?

அந்தத் திருட்டைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா, நேயர்களே? நிழற்படம். கிளாப் தொகுப்பின் பழைய நிழற்படங்களைக் கழகத்தில் இருந்த காசுகளோடு ஒப்பிட்டபோது, படத்தில் இருந்த கீறலும் புள்ளியும் காசில் இல்லை. மனிதருக்குக் கைரேகை போல, ஒவ்வொரு பழங்காசுக்கும் தனக்கென்று வடுக்கள் உண்டு. ஒரே வடு ஒரே இடத்தில் இரண்டு காசுகளில் இருந்தால், அவற்றில் ஒன்றாவது போலி என்று முடிவு கட்டலாம். ஏனென்றால், ஒரு காசிலிருந்து அச்செடுத்து வார்க்கும்போது அதன் வடுவும் கூடவே வந்துவிடுகிறது. இன்று போலிகளைப் பிடிப்போர் கையாளும் முதன்மையான வழிகளுள் இதுவும் ஒன்று. ஒரு படத்தைத் தனியே பார்த்தால் ஏமாறலாம். பல படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை தெரிகிறது.

இதை வாங்குபவர் பக்கத்திலிருந்தே இதுவரை பேசிவிட்டோம். விற்பவர் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பும் நமக்கு வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி முதுமையடைந்த ஒரு பாட்டி, துணி முடிப்பில் இரண்டு வெள்ளி டாலர்களைக் கொண்டு வந்தார். அவருடைய தாயார் கழுத்தில் அணிந்திருந்த காசுமாலையில் மிஞ்சியவை. ஒன்று 1904ஆம் ஆண்டினது, மற்றொன்று 1907. பேத்தியின் கல்லூரிச் செலவுக்காக விற்றுத் தருமாறு கேட்டார். தராசில் வைத்தோம். 1904 டாலர் ஏறக்குறைய 27 கிராம். 1907 டாலர் 20 கிராம். முன்பு பட்ட அனுபவத்தில் நம் முகம் சுருங்கியது. ஆனால் வரலாறு கைகொடுத்தது. 1906இல் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. வெள்ளியின் விலை ஏறியதால், காசாக இருப்பதைவிட உருக்கினால் அதிகம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. எனவே 1907இல் அரசு டாலரைச் சிறிதாக்கி, எடையை 20.21 கிராமாகக் குறைத்தது. பாட்டியின் இரண்டு டாலரும் நல்ல வெள்ளியே. அருகில் அளவுகோல் வைக்காமல் படம் எடுத்தால் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும்.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. மாலையில் கோப்பதற்காகப் பத்தர் பற்றவைத்த வளையத்தைப் பின்னாளில் யாரோ நீக்கியிருக்கிறார்கள். இரண்டு காசிலும் மன்னரின் முடிக்கு மேலே விளிம்பில் ஒரு வடு. ஒளியை ஒரு பக்கமாக விட்டுப் படம் எடுத்தால் அது தெரியவே தெரியாது. தெரிந்தால் விலை பாதிகூடத் தேறாது. பாட்டியும் கவனித்துவிட்டார். "வாத்தியாரே, அந்த வடு தெரியாம எடுத்துடுங்களேன். கூடக் கொஞ்சம் கெடைச்சா புள்ளைக்கு ஆகும்" என்றார். அவர் கேட்டதில் தவறு காண நமக்கு மனம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் எடை குறைவாகப் போடப்பட்ட பாலுக்குக் கூலி வாங்கியவர் அவர். நம் கையில் இருந்த கருவியை ஓர் அங்குலம் திருப்பினால் போதும்.

அலமாரியில் இருந்த 22 கிராம் டாலரை எடுத்து அவர் கையில் கொடுத்து, அது வந்த கதையைச் சொன்னோம். பாட்டி அதை விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏமாந்தவரு நீங்க. ஒங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். இருக்கறபடியே எடுங்க" என்றார்.

இருபுறமும் எடுத்தோம், விளிம்பை எடுத்தோம், அளவுகோலுக்கு அருகிலும் தராசின் மேலும் வைத்து எடுத்தோம். 'மாலையில் இருந்த காசு. பற்றவைத்த வடு உண்டு. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்' என்று எழுதி ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்பினோம். அவர் 1904 டாலரை மட்டும் கேட்டார். விலை குறைவுதான். காசு போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் கடிதம் வந்தது: "எழுதியிருந்தது போலவே இருக்கிறது. மற்றதையும் அனுப்புங்கள்." பேரம் பேசவில்லை. பாட்டிக்குக் கிடைத்த தொகை கல்லூரிக் கட்டணத்துக்கு முழுதும் போதவில்லை. மீதியை அவர் மகன் கடன் வாங்கித்தான் கட்டினார். நேர்மைக்கு உடனே பரிசு கிடைத்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சேகரிப்பாளர் அதன் பின் நம் பள்ளியின் வரலாற்றுக் கழகத்துக்குக் கடிதம் எழுதும் நண்பராகிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே துன்பம் தரும் என்பது அதில் வள்ளுவர் காட்டும் முடிவு. படம் பார்த்துக் காசு வாங்குவோருக்கென்றே சொன்னது போல் இருக்கிறது. எனவே இத்துறையில் இறங்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கும் முன், எடை எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு என்று கேளுங்கள். விளிம்பின் படத்தைக் கேளுங்கள். திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்தில் பெறுங்கள். நூல்களில் உள்ள நல்ல காசின் படத்தோடு ஒப்பிடுங்கள். விலை மிகக் குறைவாக இருந்தால் மகிழாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் கோபிக்கும் விற்பனையாளரை விட்டு விலகுங்கள். நல்ல வணிகர் கேள்வியை வரவேற்பார். இத்தனையும் செய்த பின் ஒருவரை நம்பினால், முழுமையாக நம்புங்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். அண்மையில் பள்ளிக்கு வந்திருந்தபோது அவனுக்குரிய விடையைச் சொன்னோம். "படம் பொய் சொல்லவில்லை, தம்பி. காசும் தானாகப் பொய் சொல்லாது. அதை எடுத்து நீட்டிய கைதான் பொய் சொன்னது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்தது நம் வாய்." அவன் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து அந்த 22 கிராம் டாலரைத் தேடினான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் 'போலி. எடை 22 கிராம்' என்று மாணவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் புதிய வகுப்புப் பிள்ளைகள் அதைத் தராசில் வைத்துப் பார்க்கிறார்கள்.